சிவப்புத் தோல் போட்ட இருக்கை

தம்பி,

நீ போனில் அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேல்மூடி இல்லாத அந்தப் பச்சைக் கார் உன்னைவிட வயதில் மூத்தது என்றாய். என்ஜினுக்கு ஆள் இருக்கிறது, பெயின்டுக்கு ஆள் இருக்கிறது, சீட்டுக்கு மட்டும் நீதான் சொல்ல வேண்டும் அம்மா என்று கேட்டாய். வெளுத்து வெடித்த பழைய தோலையே வைத்துக்கொள்வதா, அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சிவப்புத் தோல் போடுவதா, இல்லை துணியே போதுமா? தஞ்சாவூர்க் குஷன் கடையில் உன் அப்பாவோடு முப்பது வருஷம் உட்கார்ந்து தைத்தவள் நான். எனக்கு இது இரண்டு நிமிஷப் பேச்சு. ஆனால் நான் "பாத்துச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். வைத்துப் பதினோரு நாளாகிறது. கண் ஆபரேஷன் செய்த இடத்தில் வலியா என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். வலி இல்லை. கண் நன்றாகத் தெரிகிறது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்த பிறகு இது உன் காதில் ஏறாது. பழைய தோலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார். மேலே மட்டும் கீறல் கீறலாக இருந்தால் அது பிழைக்கும். எண்ணெய் காட்டி, வெடிப்பை அடைத்து, இன்னும் இருபது வருஷம் உட்காரலாம். விரலில் மாவு மாதிரி ஒட்டினால் அது செத்த தோல், விட்டுவிடு. மேல்மூடி இல்லாத வண்டிக்குத் துணி வேண்டாம், ஒரு மழைக்கே ஊறி நாறும். ரெக்ஸின் போட்டால் சித்திரை வெயிலில் தொடை வெந்துபோகும். நல்ல தோல்தான் சரி. ஆனால் அதற்கு முன்னால் சீட்டைக் கழற்றி வெளியே எடுக்கச் சொல். அடியில் கார்ப்பெட்டைத் தூக்கித் தகரம் துருப்பிடித்திருக்கிறதா என்று பார். ஸ்பிரிங்கை உள்ளங்கையால் அமுக்கு. ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கினால் கட்டை உளுத்திருக்கும். மூக்கை வைத்து மோந்து பார். எல்லாம் பழசாக இருந்து சீட் மட்டும் புதுத் தையலாக இருந்தால், ஏன் மாற்றினார்கள், கழற்றிய பழசு எங்கே என்று விற்கிறவரிடம் கேள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள்.

சிவப்புத் தோல் மட்டும் போடாதே. வெயிலுக்கு வெளுத்துவிடும் என்று காரணம் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் என் காரணம் அது இல்லை. என் கையால் ஒரே ஒரு தடவை இப்படிப்பட்ட ஒரு காருக்குச் சிவப்புத் தோல் தைத்துப் போட்டிருக்கிறேன். நீ வாங்கப்போவது அந்தக் கார் இல்லை, பயப்படாதே. அது வேறு கம்பெனி வண்டி, உருவமும் வேறு. உன் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அதைத்தான் முதலில் பார்த்தேன்.

உன் பெரியப்பாவை உனக்குத் தெரியாது. பெரியம்மா வீட்டில் மாலை போடாமல் மாட்டியிருக்கும் படத்தில் பார்த்திருப்பாய். என் அக்காவின் வீட்டுக்காரர், பக்கிரிசாமி என்று பெயர். நாகப்பட்டினத்துப் பக்கம் எங்கள் ஊரில் எங்கள் தெரு முழுக்கப் பண்ணையில் நடவும் அறுப்பும் செய்து பிழைத்தவர்கள். அத்தானும் அதே வேலைதான். ஆனால் அவருக்கு எழுதப் படிக்க வரும். கண்ணாடி போட்டிருப்பார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கண்ணாடி போட்ட ஒரே ஆள். விவசாயக் கூலிகள் சங்கம் தெருவுக்கு வந்தபோது நோட்டீஸைப் படித்துக் காட்டுவதும், மனு எழுதுவதும், பண்ணை வீட்டு வாசலில் நின்று பேசுவதும் அவர் தலையில்தான் விழுந்தது. நல்ல குரல். கோபம் வராது. கோபம் வராத ஆளைத்தான் பண்ணைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்காமல் போனது என்று இப்போது நினைக்கிறேன்.

ஆட்சி மாறிய புதிது. ஏழைகளின் ஆட்சி என்று மைக்கில் சொன்னார்கள், எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பண்ணை வீட்டு வாசலில் பழைய கொடியை இறக்கிவிட்டுப் புதிய கொடியை ஏற்றினார்கள், அவ்வளவுதான் நடந்தது. உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்ப நிலமெல்லாம் நாய், பூனை, செத்துப்போன சித்தப்பா பெயருக்கெல்லாம் மாறியிருந்தது. அந்த வருஷம் தை அறுப்புக்குக் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். பண்ணையில் மறுத்துவிட்டு வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். காவலுக்குப் போலீஸ் வந்தது. பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் அவர்களுக்குத் தங்கலும் சாப்பாடும்.

ஏழாம் நாள் காலையில், பேசித் தீர்க்கலாம், களத்துக்கு வா என்று பண்ணையார் மகன் ஆள் அனுப்பினார். ஊரில் அவரைச் சின்னவர் என்பார்கள். அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பழையது கரைத்து வை, வந்து குடிக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பவில்லை. சாயங்காலம் போய்க் கேட்டவர்களிடம், கேஸ் போடுவோம் என்று சொன்னோம், பயந்து ஓடிவிட்டான், கள்ளத்தோணியில் இலங்கைக்குப் போயிருப்பான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்பாவும் நானும் அப்போது தஞ்சாவூரில் கரந்தைப் பக்கம் கடை வைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா வேறு ஊர்க்காரர், ஆனால் அவர் குடும்பமும் பண்ணையில் உழைத்த குடும்பம்தான். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு வெளியே வந்தவர். அவரை யாரும் 'டேய்' போட்டுக் கூப்பிடாத ஒரு வருஷம் அது. அத்தானைக் காணவில்லை என்று ஊரிலிருந்து செய்தி வந்து, மறுநாள் நான் கிளம்புவதாக இருந்தேன். அன்றைக்குப் பகல் பத்து மணிக்குக் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

ஊட்டியில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய இரண்டு சீட்டுக் கார். சின்னவர் அதை ஓட்டிக்கொண்டு வயல் சாலையில் போனால் நாங்கள் வாய்க்காலில் இறங்கி வழிவிடுவோம். அவரே ஓட்டி வந்திருந்தார். பக்கத்து சீட்டின்மேல் சாக்கு விரித்திருந்தது.

"டேய், இங்க வாடா. கோயிலுக்கு வெட்டுன கிடா. வண்டியில போட்டு எடுத்தாந்ததுல தோல் பாழாப்போச்சு. ரெண்டு சீட்டையும் மாத்தணும். உள்ள இருக்குற நாரு, பஞ்சு, ஒண்ணு விடாம எல்லாத்தையும் மாத்தணும்."

"சரிங்கய்யா. என்ன கலருங்க போடுறது?"

"சிவப்பு. நல்ல சிவப்பு. பழச வெளிய தூக்கிப் போடாத, கொளுத்திடு."

நான் உள்ளே தையல் மெஷினில் இருந்தேன். என்னை ஒருமுறை பார்த்தார். நான் யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு எங்கள் முகங்களை அவர்கள் எப்போதும் பார்த்ததில்லை.

பழைய தோல் சந்தன நிறம். சாக்கை எடுத்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டை உட்காரவைத்து யாரும் கொண்டுபோக மாட்டார்கள். ரத்தம் சாய்மானத்தின் உச்சியில், தலை படுகிற இடத்தில் தொடங்கி, கீழே இறங்கி, உட்காருமிடத்தில் தேங்கி, தையல் வழியாக உள்ளே நாருக்குள் போயிருந்தது. கதவுப் பக்கத்து ஓரத்தில், தோலை மடித்து வைத்துத் தைக்கும் பைப்பிங்கில், நான்கு இடத்தில் கிழிசல். நகத்தால் பிடித்த கிழிசல். அப்பா ஆணிகளைப் பிடுங்கினார். சாய்மானத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் கைவிட்டபோது என் விரலில் ஒரு மூக்குக் கண்ணாடி தட்டுப்பட்டது. ஒரு பக்கக் காது ஒடிந்து, பச்சை நூல் சுற்றியிருந்தது. அந்த நூல் எங்கள் கடை நூல். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நான்தான் சுற்றிக் கொடுத்தேன்.

"ஏங்க, இது அத்தானோடது" என்றேன். அப்பா எழுந்துபோய்க் கடைக் கதவை ஒரு பக்கம் சாத்திவிட்டு வந்தார். "நீ எதையும் பாக்கல. நானும் எதையும் பாக்கல" என்றார். "போலீஸ்ல சொல்லலாங்க" என்றேன். "எந்தப் போலீஸ்ல? அவங்க வீட்டுல சோறு திங்கிற போலீஸ்லயா? நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் காணோம்னா யாரு தேடுவா சொல்லு" என்றார். அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கக் கூடாது. வயிற்றில் பிள்ளை இருந்தது என்று சொல்லலாம், அதுவும் இல்லை. நீ பிறக்க இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. நான் சொன்னது ஒரு தடவைதான். இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஊருக்கும் கிளம்பாமல் மெஷினில் போய் உட்கார்ந்தேன்.

பட்டுக்கோட்டையிலிருந்து வந்த புது நாரைப் பிரித்து நிரப்பினோம். மெட்ராஸிலிருந்து தோல் வர ஐந்து நாள் ஆனது. வந்ததும் வெட்டித் தைத்தேன். நன்றாகத் தைத்தேன், தம்பி. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. இரட்டைத் தையல், ஒரு இடத்தில்கூடக் கோணல் இல்லை. சின்னவர் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, பொம்பளை தச்சதா, பரவாயில்லையே என்றார். எனக்கு ஒரு நொடி, ஒரே நொடிதான், பெருமையாக இருந்தது. பழைய தோலையும் நாரையும் கொல்லையில் போட்டு அப்பா முன்பே கொளுத்தியிருந்தார். கண்ணாடியை அந்தத் தீயில் போட்டது அப்பா இல்லை. நான்தான்.

இதோடு நின்றிருந்தாலாவது பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இருபது நாள் கழித்து அக்கா தஞ்சாவூர் வந்தாள். அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்போதெல்லாம் எங்கள் ஊருக்கும் கலெக்டர் ஆபீஸ் தஞ்சாவூரில்தான். சங்கத்தில் யாரோ மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேசக் கூப்பிட்ட சின்னவர் பெயர், களம், நேரம் எல்லாம் அதில் இருந்தது. போகிற வழியில் கடைக்கு வந்தாள். இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள். "இந்த மனுவக் குடுத்தா விசாரிப்பாங்களாம்டி. எங்கெங்க போனாரு, எந்த வண்டியில போனாருன்னு எல்லாம் விசாரிப்பாங்களாம்" என்றாள்.

வண்டி என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. வண்டியைத் தேடினால் கடைக்கு வருவார்கள் என்ற ஒரே நினைப்புதான். என் வாய் சொன்னது: "அக்கா, மனுவெல்லாம் வேணாம். அத்தான நாகப்பட்டினத்துல பாத்ததா ஒருத்தர் சொன்னாரு. தோணி ஏறுற எடத்துல. கேஸ் ஓஞ்சதும் வந்துடுவாரு. நீ மனு குடுத்தா அவரத் தேடிப் புடிச்சி உள்ள போட்டுருவாங்க."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். "மெய்யாவாடி? கண்ணால பாத்தாங்களா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மனுவை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும், காரணம் மட்டும்தான் தெரியாது. பெரியம்மா ஏன் மாதா மாதம் நாகப்பட்டினம் போகிறாள் என்று சின்ன வயதில் நீ கேட்பாய், மீன் வாங்க என்று நான் சொல்வேன். துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்களிடம், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் எல்லாம் படத்தைக் காட்டிக் கேட்பாள். பொட்டு வைத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள். வேறு கல்யாணம் செய்துகொள் என்று நம் ஆட்களே சொன்னபோது, உசிரோட இருக்குற மனுசனுக்கு நான் துரோகம் பண்ணவா என்று சண்டைக்குப் போனாள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சுனாமி வந்த மறுநாள், நான் போகணும், அவர் திரும்பி வந்து அங்கேயே எங்காவது இருந்திருந்தால் என்று அழுது நின்றாள். நீதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனாய். ஒவ்வொரு துணியாக விலக்கிக் கிழவர்கள் முகத்தை அவள் பார்த்ததையும், நீ கூடவே குனிந்து பார்த்ததையும் வந்து என்னிடம் சொன்னாய். இரண்டு நாள் உன்னால் சாப்பிட முடியவில்லை. அந்தப் பிணங்களை உன்னைப் பார்க்கவைத்தவள் நான்தான். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

சின்னவர் எண்பது வயதில் சொந்தக் கட்டிலில் செத்தார். யார் ஆட்சிக்கு வந்தாலும் அவர் வாசலில் அவர்கள் கொடி பறந்தது. உன் அப்பா இதைப் பற்றி என்னிடம் பேசியது அதற்கப்புறம் ஒரே தடவைதான். ஆஸ்பத்திரியில், நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது. "எப்பயாச்சும் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லிக்க. என் பேரு வராமப் பாத்துக்க" என்றார். சரிங்க என்றேன். அந்த வாக்கைத்தான் இப்போது மீறுகிறேன்.

நீ போன் செய்த நான்காம் நாள் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அக்காவுக்கு எண்பத்து மூன்று வயது, காது மட்டும்தான் கொஞ்சம் மந்தம். மெதுவாகப் பேச முடியாத விஷயத்தைச் சத்தம் போட்டுச் சொல்லவேண்டியதாகிவிட்டது. ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"உக்கார வச்சிக் கொண்டு போனாங்களா, படுக்க வச்சா?"

"உக்கார வச்சுத்தான்க்கா."

"அப்ப உசுரு இருந்துச்சா?"

கடையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இல்லை, களத்திலேயே போய்விட்டார் என்று இன்னும் ஒன்று சொல்ல வாய் வந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். "இருந்துச்சுக்கா. கதவுப் பக்கம் கையால இறுக்கிப் புடிச்சிருந்தாரு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, "பயந்துக்கிட்டு நீ சொல்லாம இருந்தத நான் கேக்கல. எங்களுக்கெல்லாம் பயந்தான். நாகப்பட்டினம்னு ஏண்டி சொன்ன? தெரியாதுக்கான்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே மனுவக் குடுத்துட்டு, அழுதுட்டு, எந்திரிச்சிருப்பேனேடி" என்றாள்.

ஒன் மனு எங்க கடைக்கு வந்துடும்னு பயந்தேன்க்கா என்று சொன்னேன். சொல்லி முடித்தபோது அது எவ்வளவு சின்னக் காரணம் என்று என் காதுக்கே கேட்டது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அவன் பேரு, ஒம் புருசன் பேரு, ஒம் பேரு, எல்லாம் போட்டு. கலெக்டர்கிட்ட நான் குடுக்கணும். செத்தவன என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். அவரு ஓடிப்போகலன்னு ஒரு தாள்ல இருக்கணும். மொதல்ல ஒம் மவன்கிட்டச் சொல்லிட்டு எழுது. அவன் எனக்கும் புள்ள."

அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தம்பி. பேப்பரில் வரலாம், அப்பா பெயர் வரும். உன் ஆபீஸில் யாராவது கேட்பார்கள். உனக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயம்தான், அதைச் சீக்கிரம் ஆற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பயந்தவர்களை நீ வாழ்க்கையில் நிறையப் பார்ப்பாய், நீயும் பயப்படுவாய். பயந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடு, அதிலிருந்து ஒருநாள் திரும்பி வரலாம். பயத்தை மறைக்க அடுத்தவருக்கு நம்பிக்கை கொடுக்காதே. நான் கொடுத்த நம்பிக்கையில் ஒருத்தி ஐம்பது வருஷத்துக்கு மேல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் ஊருக்கு இப்போது கலெக்டர் ஆபீஸ் நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து காலை எட்டு மணிக்கு ஊருக்கு வரும் பஸ்ஸில் போகலாம் என்று அக்காவுக்கு அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்று பதில் வந்தது. ஒரே பஸ்ஸில் போகலாமாம். நான் மட்டும் அவள் பக்கத்தில் உட்காரக் கூடாதாம்.

அம்மா